சனிக்கிழமைச் சாயங்காலத்தைத் தாண்டுவது

குடியை நிறுத்துவதைவிட, நிறுத்திய பிறகு வரும் சாயங்காலங்கள்தான் கஷ்டம். கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறேன். சனிக்கிழமை ஆறு மணிக்குச் சம்பளம் கைக்கு வரும். அந்தப் பணத்தோடு நேரே பாருக்குப் போயே பல வருஷம் பழகிய உடம்பு இது. சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகும் ஐந்தரை மணிக்கே நாக்கு வறளும், நெஞ்சு படபடக்கும். கை மிஷினில் இருக்கும், நினைப்பு வேறெங்கோ இருக்கும்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தினமும் நிறையக் குடிப்பவர் வைராக்கியமாக வீட்டிலேயே திடீரென்று நிறுத்தக் கூடாது. கைநடுக்கத்தோடு போகாது. வலிப்பு வரலாம், புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் கண்ணில் தெரியலாம், உயிரே போகலாம். அரசு மருத்துவமனையில் சேர்ந்து, தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் மாத்திரையுமாகத்தான் நான் அந்த நாட்களைக் கடந்தேன்.

வீட்டுக்கு வந்தபின் என்னை அதிகம் படுத்தியது மாங்காய். பட்டறைக்கு எதிரே ஒரு தள்ளுவண்டி நிற்கும். கீறிய மாங்காயில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவுவார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறிய உடனே பிராந்தி இறங்குகிற எரிச்சல் தொண்டையில் தெரியும். ஏனென்றால் அந்தத் துண்டு இல்லாமல் நான் குடித்ததே இல்லை. "ரெண்டையும் மூளை ஒண்ணா சேர்த்து வெச்சிருக்குதுங்க. பிரியறதுக்கு நாளாகும். அதுவரைக்கும் அந்தப் பக்கமே போகாதீங்க" என்றார் ஆலோசகர். சரி என்று பின்பக்கத் தெரு வழியாக வர ஆரம்பித்தேன். சம்பளத்தை வீட்டுக்காரியின் கணக்கில் போடச் சொல்லி முதலாளியிடம் கேட்டேன். அவர் ஒரு வார்த்தைகூடத் திருப்பிக் கேட்கவில்லை. பணம் கையில் இல்லை என்பதே பாதி பாரத்தை இறக்கிவிட்டது.

மீதிப் பாதிக்கு அந்த ஆலோசகர் சொல்லிக்கொடுத்த வழிதான் உதவியது. ஆசை கடல் அலை மாதிரி எழும்பி, உச்சிக்குப் போய், தானே இறங்கிவிடும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள். அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் வகுத்த முறையாம். ஆசையோடு மல்லுக்கட்டாமல், அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். தாடைக்குக் கீழே ஓர் இறுக்கம். வலது கை விரல்கள், பிளாஸ்டிக் கப்பைப் பிடிப்பதற்குத் தோதாகத் தாமாகவே மடங்கியிருந்தன. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பஸ் போன பிறகு விரல்கள் தளர்ந்திருந்தன. அது தளரும் என்பதை அன்றுதான் என் உடம்பு நம்பியது.

குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்தில் எனக்கு வழிகாட்டியாக இருக்கும் பெரியவரைக் கூப்பிட்டால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "சாப்பிட்டயா கண்ணு?" பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நான்கில் ஏதாவது ஒன்று கூடவே இருக்கும் என்பார். எனக்குப் பெரும்பாலும் பசிதான். இப்போது நாலரைக்கே இரண்டு இட்லியோ வாழைப்பழமோ சாப்பிட்டுவிடுகிறேன். ஏஏ பிறந்ததே இப்படி ஒரு போன் காலில்தான் என்று அவர் சொன்னார். 1935 மே மாதம், அமெரிக்காவின் அக்ரான் நகரத்து ஓட்டல் ஒன்றில், குடியை விட்டிருந்த பில் வில்சன் தனியாக நின்றிருக்கிறார். ஒரு பக்கம் பார், மறுபக்கம் டெலிபோன். பாருக்குப் போகாமல், இன்னொரு குடிநோயாளரைத் தேடிப் போன் செய்தார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப். அவர்கள் இருவரும் சேர்ந்துதான் ஏஏவைத் தொடங்கினார்கள். அந்தக் கதையைக் கேட்ட பிறகு, யாருக்கும் தொந்தரவு ஆகுமோ என்ற கூச்சம் எனக்குப் போய்விட்டது.

மாத்திரையும் சாப்பிடுகிறேன். ஈரல் பரிசோதனை பார்த்துவிட்டு நால்ட்ரெக்சோன் என்ற மாத்திரையை டாக்டர் எழுதிக்கொடுத்தார். ஆசை அடியோடு போகவில்லை, வேகம் குறைந்தது. ஆனால் "குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்கடிக்கலாம்" என்று சுவரில் ஒட்டியிருப்பதைப் பார்த்து, சோற்றில் எதையும் கலந்து கொடுத்துவிடாதீர்கள். டைசல்ஃபிராம் போன்ற மருந்து உள்ளே இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து, உயிர் போகவும் கூடும். வீட்டில் யாருக்கும் வழி தெரியவில்லை என்றால் 14446 என்ற போதை மீட்பு உதவிக்கான இலவச எண்ணுக்கு முதலில் பேசுங்கள்.

கல்யாண வீடுகள்தான் எனக்கு இன்னும் கவனம் தேவைப்படும் இடம். வயிற்றைக் காயப்போடாமல் போகிறேன், மொய் எழுதி, பந்தி முடிந்ததும் கிளம்பிவிடுகிறேன். மொட்டை மாடிக்கு யாராவது கூப்பிட்டால், "மாத்திரையில இருக்கேன் மாப்ள" என்று சொல்கிறேன். அதற்குமேல் யாரும் வற்புறுத்துவதில்லை.