குழந்தை நட்சத்திரத்துக்கு ஆட்சியர் அனுமதி வாங்கிய கதை

ஒரு படத்தில் உதவி இயக்குநராக இருந்தபோது, எட்டு வயதுப் பையனை நடிக்க வைப்பதற்கான அனுமதி வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. 14 வயது நிரம்பாதவர்களை வேலைக்கு வைப்பது குற்றம். படிப்பு கெடாமல் சினிமா, தொடர், விளம்பரம் போன்றவற்றில் நடிக்கலாம் என்று 2016 சட்டத் திருத்தம் விலக்கு கொடுத்தது. அதற்கான விதிகள் 2017இல் வந்தன.

எந்த மாவட்டத்தில் படப்பிடிப்போ அந்த மாவட்ட ஆட்சியரிடம்தான் அனுமதி வாங்க வேண்டும். எங்கள் ஆபீஸ் வடபழனியில், பையன் வரும் காட்சிகளில் பாதி கொடைக்கானலில். ஆகவே சென்னைக்கு ஒரு மனு, திண்டுக்கல்லுக்கு ஒரு மனு. படிவம் 'சி'யில் தயாரிப்பாளரின் உறுதிமொழி, நடிக்கும் குழந்தைகளின் பட்டியல், பெற்றோரின் சம்மதக் கடிதம், பாதுகாப்புக்குப் பொறுப்பானவரின் பெயர் எல்லாம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஐந்து குழந்தைகளுக்கு ஒருவராவது பொறுப்பாக இருக்க வேண்டும் என்பது விதி. பிறப்புச் சான்றிதழையும் ஷூட்டிங் அட்டவணையையும் நாங்களாகவே இணைத்தோம்.

அட்டவணை போடுவதுதான் பெரும்பாடு. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்தைத் தாண்டவும் கூடாது. மேக்கப் போடும் நேரம் கணக்கில் வராது என்றார் மேனேஜர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பதும் அந்தப் பிள்ளைக்கு வேலைதானே? மேக்கப்பையும் சேர்த்தே நேரம் குறித்தோம்.

குழந்தையின் விருப்பத்துக்கு மாறாக நடிக்க வைக்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. பல இடங்களில் அப்பா கையெழுத்துப் போட்டதும் இதை மறந்துவிடுகிறார்கள். பையனைத் தனியாக உட்கார வைத்து ஒவ்வொரு காட்சியாகச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டியவன், "இருட்டுல தனியா ஓடுற சீன் மட்டும் வேண்டாம்ணா" என்றான். இயக்குநரிடம் சொன்னேன். அந்தக் காட்சியைச் சாயங்கால வெளிச்சத்துக்கு மாற்றி, கூடவே ஒரு நாயையும் ஓடவிட்டார். படத்தில் அது இன்னும் நன்றாகவே வந்தது.

அப்புறம் பணம். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தை, பிள்ளையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நிரந்தர வைப்பாக நேரடியாகப் போட வேண்டும். மேஜரான பிறகுதான் அது அவன் கைக்குப் போகும். "மொத்தமா என் கையில குடுத்துடுங்க சார், நான் போட்டுக்கறேன்" என்றார் அப்பா. அவருக்கு வீட்டுக் கடன் நெருக்கடி, எனக்கும் புரிந்தது. ஆனாலும் கணக்குப் பிரிவில் சொல்லி வங்கிக்கே அனுப்ப வைத்தேன். பெற்றோரே, ரசீதின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் பிள்ளையின் பணம்.

உறுதிமொழி ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். எங்கள் பேட்ச் வேலை (விட்டுப்போன சின்னச் சின்னக் காட்சிகளைக் கடைசியில் எடுப்பது) அதைத் தாண்டிப் போனதால், மறுபடியும் மனு கொடுத்து அனுமதி வந்த பிறகே பையனைக் கூப்பிட்டோம்.