கையுறை காப்பது கையைத்தான்

குத்தும் உதையும் மல்யுத்தப் பிடியும் கலந்த கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியைப் புதிதாகப் பார்க்கும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, கையுறை ஏன் இவ்வளவு மெலிதாக இருக்கிறது என்பதைத்தான். குத்துச்சண்டையில் 8 அல்லது 10 அவுன்ஸ் கையுறை அணிகிறார்கள். இங்கே பெரும்பாலும் 4 அவுன்ஸ்தான், அதிலும் விரல்கள் வெளியே தெரியும். ஆனால் கையுறை முதன்மையாகக் காப்பது அடிப்பவரின் கை எலும்புகளைத்தான்; அடிபடுபவரின் மண்டையோட்டுக்குள் மூளை குலுங்குவதை எவ்வளவு தடித்த பஞ்சும் தடுத்துவிடாது. ஆகவே இந்த விளையாட்டின் பாதுகாப்பை நான் கவசங்களில் தேடுவதில்லை. சண்டையை யார், எந்த நொடியில் நிறுத்தலாம் என்பதில்தான் அது இருக்கிறது.

1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில், இந்த விளையாட்டை நடத்தும் அமைப்பான யு.எஃப்.சி.யின் முதல் போட்டி நடந்தபோது எடைப் பிரிவுகளும் இல்லை, புள்ளியிடும் நீதிபதிகளும் இல்லை. கடிப்பதும் கண்ணைத் தோண்டுவதும் கூடாது என்பதற்கு மேல் பெரிய விதி எதுவும் இருக்கவில்லை. மறு ஆண்டு இரண்டாவது போட்டியில் நடுவராக நின்ற ஜான் மெக்கார்த்தி, வீரர் செயலிழந்து அடிவாங்குவதைக் கண்டும் தாமாகச் சண்டையை முடிக்க அதிகாரமின்றித் தவித்தார். மூன்றாவது போட்டியிலிருந்துதான் நடுவருக்கு அந்த அதிகாரம் கிடைத்தது. 2001-இல் நியூ ஜெர்சியில் வடிவம் பெற்ற ஒருங்கிணைந்த விதிகள் ஐந்து நிமிடச் சுற்றுகளையும் நீண்ட தடைப்பட்டியலையும் தந்தன என்றாலும், என் கணக்கில் பெரிய திருப்பம் 1994-இல் வந்த அந்த ஒற்றை அதிகாரமே.

குத்துச்சண்டையில் விழுந்தவருக்குப் பத்து எண்ணும் வரை அவகாசம் உண்டு. மூளை அதிர்ந்த நிலையிலேயே எழுந்து மீண்டும் அடிவாங்க அது வழிவிடுகிறது. இங்கே அந்த எண்ணிக்கை கிடையாது. விழுந்தவர் அறிவோடு தற்காத்துக்கொள்கிறாரா என்பதை மட்டுமே நடுவர் பார்க்கிறார். இல்லையெனில் இடையில் பாய்ந்து அவரை மறைத்துச் சண்டையை நிறுத்திவிடுகிறார். நடுவர் அவசரப்பட்டுவிட்டார் என்று பார்வையாளர்கள் கூச்சலிடுவது வழக்கம். ஒரு நொடி முந்தி நிறுத்தும் நடுவரின் பக்கமே நான் எப்போதும் நிற்பேன்.

நடுவருக்கும் முன்பாக நிறுத்தும் உரிமை வீரருக்கே உண்டு. கழுத்து இறுகும்போதோ மூட்டு மடங்கும்போதோ எதிராளியின் உடம்பிலோ தரையிலோ தட்டினால் ஆட்டம் முடிந்தது. பயிற்சியில் நான் முதலில் கற்றதும் இந்தத் தட்டுதான், மெதுவாகத்தான் கற்றேன். வீம்பு பிடித்ததன் நினைவாக என் இடது முழங்கை இன்றும் முழுதாக நீளாது.

தடைப்பட்டியலில் எல்லாமே சமமான நியாயம் உடையவை அல்ல. பின்னந்தலையிலும் முதுகெலும்பிலும் அடிக்கக் கூடாது, தரையில் கிடப்பவரின் தலையில் உதைக்கக் கூடாது என்பவற்றை யாரும் மறுக்கமாட்டார்கள். முழங்கையைச் செங்குத்தாக மேலிருந்து கீழே இறக்கக் கூடாது என்ற தடையோ வெகுநாள் விவாதத்துக்கு உள்ளானது. யு.எஃப்.சி. வீரர் ஜான் ஜோன்ஸ் 2009-இல் தகுதியிழந்து தோற்றதும் அதனால்தான். 2024 நவம்பரில் அது நீக்கப்பட்டது.

போட்டி முடிந்த பிறகும் ஒரு வீரரை மோதவிடாமல் நிறுத்திவைக்க மருத்துவரால் முடியும். நாக்-அவுட் ஆனவருக்குக் குறிப்பிட்ட காலம் மோதத் தடை விதிக்கப்படுகிறது. தலையில் அடிவிழும் பயிற்சிக்கும் அது பொருந்தும். காகிதத்தில் இது நல்ல விதி. மூடிய பயிற்சிக்கூடத்துக்குள் அதைக் கண்காணிப்பவர் யார் என்பதில்தான் எனக்கு ஐயம்.

அந்த ஐயம் எடைக் குறைப்பில் அச்சமாகவே மாறுகிறது. குறைந்த எடைப் பிரிவில் மோதுவதற்காக, எடை பார்ப்பதற்கு முன் உடலின் நீரை வெளியேற்றிச் சில கிலோக்களை இறக்குகிறார்கள். நீர் வற்றிய உடலோடு, சண்டை நடக்கும் கூண்டுக்குள் போவது தலைக்காயத்தின் ஆபத்தையும் கூட்டக்கூடும். 2015 டிசம்பரில் ஒன் சாம்பியன்ஷிப் என்ற அமைப்பின் போட்டிக்காக மணிலா வந்திருந்த சீன வீரர் யாங் ஜியான் பிங், எடைக் குறைப்பின்போது உடல்நிலை மோசமாகி இறந்தார், வயது 21. அதன்பின் அந்த அமைப்பு நீர் வற்றச்செய்து எடை குறைப்பதைத் தடை செய்து, சிறுநீரின் அடர்த்தியைச் சோதிக்கத் தொடங்கியது. கூண்டுக்குள் நடுவரும், கூண்டருகே மருத்துவரும், மூலையில் பயிற்சியாளரும் நிற்கிறார்கள். வெந்நீர்த் தொட்டியில் வியர்த்துக் கிடப்பவரின் அருகிலோ, எழுந்து வா என்று சொல்லும் அதிகாரத்தோடு எவரும் நிற்பதில்லை.