செத்ததா, இல்லையா?

"இருபது மீன் கருவுல எத்தனை செத்துச்சு, தம்பி?" எங்கள் சோதனைக்கூடத்தில் சார் கேட்டது இவ்வளவுதான். "ஒண்ணு சார்" என்றேன். "அப்போ பாஸ். டைப் பண்ணிடு."

கேள்வியில் தப்பே இல்லை. மீன் கருவை வைத்து நச்சைச் சோதிக்க ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பு வகுத்த 236-ஆம் வழிமுறை கேட்பதும் அதைத்தான். ஜீப்ரா மீன் கரு 96 மணி நேரத்துக்குள் இறந்ததா என்று பார்க்க நான்கு அடையாளங்கள்: முட்டை வெளுத்து உறைவது, உடற்கணுக்கள் (பின்னால் தசையும் முதுகெலும்பும் ஆகிற துண்டுகள்) உருவாகாதது, வால் மஞ்சள்கருவை விட்டுப் பிரியாதது, இதயம் துடிக்காதது. மும்பையில் ஓடும் மித்தி ஆற்றின் வண்டலைக் கலக்கித் தெளியவைத்த தண்ணீரில் கிடந்த கருக்களில் 19-க்கு இதயம் துடித்தது.

எப்படித் துடித்தது என்பதில்தான் சிக்கல். நல்ல கருவில் மூன்றாம் நாள் இதயத்தின் இரண்டு அறைகளும் பக்கத்தில் பக்கத்தில் மடங்கி உட்கார்ந்திருக்கும்; ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்த அணுக்கள் ஓடுவது நுண்ணோக்கியில் தெரியும். இங்கே பலவற்றில் இதயம் மடங்கவே இல்லை. விளக்குத் திரி மாதிரி நீண்டு, நீர் கோத்த பைக்குள் கிடந்து ஆடியது. ரத்தம் நகரவில்லை. ஆனாலும் சாகாது. அந்த வயதில் உடம்பு அவ்வளவு சின்னது, ஆக்சிஜன் தோல் வழியாகவே ஊறிவிடும்; ரத்த ஓட்டம் இல்லாமலே சில நாள் தாங்கும். சோதனை அதற்குள் முடிந்துவிடுகிறது.

"துடிக்குது சார், ஆனா ரத்தம் ஓடலை."

"ரத்தம் ஓடுதான்னு நம்மகிட்ட யாராவது கேட்டாங்களா?"

அவர் ஏனோதானோவென்று வேலை பார்க்கிறவர் என்றால் எனக்கு இத்தனை யோசனை வந்திருக்காது. "குர்லா, சாக்கி நாக்கா பக்கம் ஆயில் டிரம் கழுவுற தண்ணி வருது, சாக்கடையும் வருது. அம்மோனியா இருக்கு, சல்ஃபைடு இருக்கு. எண்ணெய்தான் பண்ணுச்சுன்னு எதை வச்சு எழுதுவே?" என்றார். திரி இதயம் எண்ணெயில் உள்ள மூன்று வளைய ஹைட்ரோகார்பன்கள், ஃபீனாந்த்ரீன் வகையறா, செய்கிற வேலை என்றேன். எக்ஸான் வால்டீஸ் கப்பல் 1989-ல் அலாஸ்காவில் எண்ணெயைக் கொட்டிய பிறகு பல வருடம் இதைத்தான் துருவினார்கள். கருவாக இருக்கும்போது துளி எண்ணெய் பட்டு, பார்வைக்கு நன்றாகவே வளர்ந்த சால்மன்கள்கூடக் கடலிலிருந்து குறைவாகத்தான் திரும்பின. சரி, ஆனால் டையாக்சின் என்ற வேறொரு நச்சும் இதயத்தை இப்படித்தான் இழுத்துவிடும். வண்டலில் எந்த ஹைட்ரோகார்பன் எவ்வளவு என்று பார்க்க வாடிக்கையாளர் காசு கட்டவில்லை. கையில் எண் இல்லை. சார் சொன்னது நியாயம்தான்.

அப்புறம் அவர் கேட்டதற்குத்தான் இன்னும் மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "மித்தியில எந்த மீன் முட்டை போடப் போகுது, தம்பி?" நானும் சிரித்துவிட்டேன். அந்த ஆறு மாஹிம் கழிமுகத்தில் போய்ச் சேர்கிறது, அங்கே அலையாத்தி மரங்கள் இருக்கின்றன, வண்டலும் அங்கேதான் படிகிறது என்பதெல்லாம் லோக்கல் ட்ரெயினில் வரும்போதுதான் வாயில் வந்தது. அதோடு நாங்கள் சோதித்தது தெளிந்த நீரை. எண்ணெய் ஒட்டிக்கொண்டிருப்பது சேற்றில். அடியில் இடப்படும் முட்டை அந்தச் சேற்றின் மேலேயேதான் கிடக்கும்.

கடைசியில் முதல் பக்கத்தில் 'கடும் நச்சுத்தன்மை இல்லை' என்று போனது. நீர் கோத்த இதயங்கள் படத்தோடு இணைப்பில் போயின. எதையும் மறைக்கவில்லை. இணைப்பை யாரும் புரட்டுவதில்லை என்பது எனக்கும் தெரியும், சாருக்கும் தெரியும். ஆனால் எனக்கு உறுத்துவதையெல்லாம் நான் முதல் பக்கத்தில் ஏற்றினால், நாளைக்கு இன்னொருவர் தனக்கு வேண்டாததை அங்கிருந்து இறக்குவார். இதை நான் நம்பித்தான் சொல்கிறேனா, சார் சொல்லிக் கேட்டுப் பழகிவிட்டதா என்று சில நாள் சந்தேகம் வருகிறது.

பிறகு அதே வாடிக்கையாளரிடமிருந்து இன்னொரு வண்டல் வந்தது. கொட்டேஷனில் ஹைட்ரோகார்பன் சோதனையையும் சேர்த்துவிட்டேன். சார் பார்த்தார், அதை அடித்து நீக்கவில்லை, கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு அனுப்பச் சொல்லி வாடிக்கையாளரிடமிருந்துதான் மெயில் வந்தது.