அட்டவணையில் இல்லாத முப்பது மணி நேரம்

11 ஆகஸ்ட் 2025, திங்கள். முதல் வாரம்

பல்கலைக்கழகப் படிப்பு கஷ்டமா என்று முதலாண்டுப் பிள்ளைகள் கேட்கும்போது, பாடம் புரியுமா என்பதைத்தான் மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 4 யூனிட் (பட்டத்துக்குக் கணக்கிடும் பாட அளவு) பாடம் ஒன்றுக்கு வாரம் 10 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. ஐந்து பாடம் எடுத்தால் 50 மணி. லெக்சர், டியூட்டோரியல் (சிறு குழுப் பயிற்சி வகுப்பு), லேப் எல்லாம் சேர்ந்து 20 மணி என்று வைத்துக்கொண்டாலும், மீதி 30 மணி அட்டவணையில் எங்கும் இருக்காது. தொடக்கக் கல்லூரியில் அந்த நேரத்துக்கு ஆசிரியர் பொறுப்பு. வீட்டுப்பாடத்தை வாங்கிப் பார்ப்பார், தராவிட்டால் கூப்பிட்டுக் கேட்பார். இங்கே கேட்க ஆளில்லை.

அந்த 30 மணியையும் இன்றைக்கே அட்டவணையில் எழுதிவிடுங்கள். ‘செவ்வாய் 2 முதல் 4 வரை, நூலகம், கணிதத் தாள்’ என்று இடம், வேலை இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும். வெறுமனே ‘படிப்பு’ என்று எழுதிய கட்டம் இரண்டாம் வாரமே காணாமல் போய்விடும். பொங்கோலிலிருந்து பல்கலைக்கழகம் இருக்கும் கென்ட் ரிட்ஜ் போகிறவர் வடகிழக்கு ரயில் பாதையில் வந்து, சிராங்கூனிலோ ஹார்பர்ஃபிரண்டிலோ வட்டப் பாதைக்கு மாற வேண்டும். வீட்டு வாசலிலிருந்து வகுப்பு வாசல்வரை ஒரு வழிக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. ரயிலில் நின்றுகொண்டு வாசிக்கலாம், கணக்குப் போட முடியாது. அந்த நேரத்தை 30-இல் சேர்க்காதீர்கள்.

27 ஆகஸ்ட், புதன். மூன்றாம் வாரம்

முதல் இரண்டு வாரம் லேசாக இருந்ததற்குக் காரணம், டியூட்டோரியல் தொடங்காததுதான். பெரும்பாலான பாடங்களில் இந்த வாரம்தான் ஆரம்பம். பருவம் முழுவதற்கும் இதுதான் முக்கியமான வாரம் என்பது எங்கள் எண்ணம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

டியூட்டோரியல் தாளை வகுப்புக்கு இரண்டு நாள் முன்னாலேயே கையில் எடுங்கள். குறிப்புகளை மூடி வைத்துவிட்டு, ஒரு கேள்விக்கு 25 நிமிடம். வந்தால் சரி. வராவிட்டால், எந்த வரியில் நின்றீர்கள், என்ன முயன்றீர்கள் என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள். ‘தெரியவில்லை’ என்று எழுதக் கூடாது. ‘தொகையீட்டில் பகுதிப் பின்னம் வரை பிரித்தேன், கீழே வரும் இருபடிக் கோவையைக் காரணிப்படுத்த முடியவில்லை’ என்பதுபோல இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் லெக்சர் குறிப்பைத் திறக்கலாம். வகுப்பில் விடை முழுவதையும் எழுதி எடுக்க வேண்டாம். நீங்கள் நின்ற அந்த வரியை மட்டும் வேறு மையில் திருத்துங்கள். மூன்று நாள் கழித்து அதே கணக்கை எதையும் பார்க்காமல் மறுபடி போட்டுப் பாருங்கள்.

பலர் வெறுந்தாளோடு வகுப்புக்குப் போய், திரையில் வரும் விடையைப் படம் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். விடையைப் படிக்கும்போது ஒவ்வொரு வரியும் புரியும். அடுத்த வரி எதுவாக இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதுதான் தேர்வில் கேட்கப்படும் திறமை. அதைப் படித்துப் பெற முடியாது.

லெக்சர் பதிவுகளும் இப்படித்தான் சேரும். ஐந்து பாடம், வாரம் இரண்டு மணி, மூன்று வாரம் விட்டால் 30 மணி நேரப் பாக்கி. அதை முதலிலிருந்து ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்துத் தீர்க்க நினைக்காதீர்கள். இந்த வாரத் தாளை முன்னால் வையுங்கள். அதில் நிற்கும் இடத்துக்கு வேண்டிய பகுதியை மட்டும் பதிவில் தேடிப் பாருங்கள்.

4 செப்டம்பர், வியாழன். நான்காம் வாரம்

கட்டாயத் தேசிய சேவை முடித்து வரும் தம்பிகளுக்கு: இரண்டு ஆண்டில் மறந்துபோவது கருத்து அல்ல, கை வேகம். முக்கோணவியல் முற்றொருமைகள், பகுதித் தொகையீடு இரண்டையும் தினம் 30 நிமிடம், மூன்று வாரம் போட்டால் திரும்பி வரும். பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து வருகிறவர்கள் லேபில் மற்றவர்களைவிட நிதானமாக இருப்பார்கள். ஆனால் எச்2 கணிதம் (தொடக்கக் கல்லூரியின் உயர்நிலைக் கணிதப் பாடம்) படிக்காதது முதல் பருவத்தில் உறுத்தும். அது அறிவுக் குறைவே இல்லை, படிக்காத பக்கங்கள்.

கணினிப் பாடத்தில் இந்த வாரங்களில் ரிகர்ஷனில் (ஒரு செயற்கூறு தன்னையே அழைப்பது) பலர் தடுக்கி விழுகிறார்கள். திரையை மூடிவிட்டுத் தாளில் 4 ஃபேக்டோரியலை (4 × 3 × 2 × 1) எழுதுங்கள். 4-க்கு 3 வேண்டும், 3-க்கு 2, 2-க்கு 1 என்று நான்கு வரி கீழே இறங்குங்கள். பிறகு 1, 2, 6, 24 என்று மேலே ஏறி வாருங்கள். நிற்கும் நிபந்தனையை எழுதாமல் விட்டால் இறக்கம் முடியாது. பைத்தான் நிரல்மொழி ஏறத்தாழ 1000 அழைப்பில் தானே நிறுத்திப் பிழை காட்டும். அந்தப் பிழையைப் பார்த்தால் முதலில் தேட வேண்டியது அந்த நிபந்தனையை.

12 செப்டம்பர், வெள்ளி. ஐந்தாம் வாரம்

கலைப் பாடங்களில் ஒரு வகுப்புக்கு 60 பக்க வாசிப்பு என்றால், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரே வேகத்தில் போகக் கூடாது. முன்னுரை, முடிவுரை, பிறகு ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியம். இவர் யாரோடு வாதாடுகிறார் என்பது தெரிந்த பிறகு, நடுவில் எந்தப் பத்துப் பக்கத்தை மெதுவாகப் படிக்க வேண்டும் என்பது தானே தெரியும்.

சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் வகுப்பில் பேசுவதற்கே மதிப்பெண் உண்டு. கூச்சப்படும் பிள்ளைகள் ஒரு கேள்வி, ஒரு மறுப்பு இரண்டையும் எழுதி எடுத்துக்கொண்டு போகலாம். முதல் 20 நிமிடத்துக்குள் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்; நேரம் போகப் போக வாய் திறப்பது இன்னும் கடினமாகும்.

24 செப்டம்பர், புதன். இடைவேளை வாரம்

இது விடுமுறை என்று வீட்டில் நினைப்பார்கள். திரும்பிப் போனதும் இடைப்பருவத் தேர்வு காத்திருக்கும். ஏ4 குறிப்புத் தாள் ஒன்றை எடுத்துச் செல்ல அனுமதிக்கும் பாடங்களுக்கு, தாளை இந்த வாரமே கையால் எழுதுங்கள். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவெடுப்பதில்தான் படிப்பே நடக்கிறது. சீனியர் தந்த தாளைச் சிறிய எழுத்தில் அச்சிட்டுக் கொண்டுபோனால், தேடுவதிலேயே நேரம் போய்விடும். சூத்திரத்துக்குப் பக்கத்தில் அது எப்போது பொருந்தாது என்பதையும் எழுதுங்கள். மதிப்பெண் போவது பெரும்பாலும் அங்கேதான்.

9 அக்டோபர், வியாழன். எட்டாம் வாரம்

இடைத்தேர்வு மதிப்பெண் வரும் நாட்கள். தொடக்கக் கல்லூரியில் ஏ வாங்கிய பிள்ளை 100-க்கு 40 பார்த்து இடிந்துபோகும். முதலில் வகுப்பின் நடு மதிப்பெண்ணைப் பாருங்கள். நடு மதிப்பெண் 42 என்றால், 40 என்பது வகுப்பின் நடுவில் நிற்பது. பெல் கர்வ் (வகுப்பில் மற்றவர்களோடு ஒப்பிட்டுக் கிரேடு தருவது) என்று எல்லாரும் பயப்படுவதன் மறுபக்கம் இது. கடினமான தாளில் அதே ஒப்பீடுதான் உங்களைத் தாங்கும்.

அடுத்து எடையைப் பாருங்கள். இடைத்தேர்வுக்கு 20 விழுக்காடு என்றால் 40 எடுத்தவருக்கு 8, 60 எடுத்தவருக்கு 12. வித்தியாசம் நான்கே மதிப்பெண். இறுதித் தேர்வுக்கு 50 விழுக்காடு என்றால் அதே இருபது மதிப்பெண் இடைவெளி அங்கே 10 ஆகிவிடும். பாடத்தை விட்டுவிடலாமா என்று யோசிப்பதற்கு முன் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள்.

20 அக்டோபர், திங்கள். பத்தாம் வாரம், தீபாவளி

இன்று வீட்டில் இருங்கள். திங்கள் டியூட்டோரியலுக்கு மாற்று வகுப்பு எப்போது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

29 அக்டோபர், புதன். பதினோராம் வாரம்

குழு வேலை. ஐந்து பேர் ஐந்து பகுதியைப் பிரித்துக்கொண்டு, ஒப்படைக்கும் முந்தின இரவு ஒட்டுவதுதான் வழக்கமான சிக்கல். ஒருவர் சொன்ன அனுமானத்தை இன்னொருவர் மறுத்திருப்பார். மேற்கோள் முறை மூன்று விதமாக இருக்கும். கெடுவுக்கு நான்கு நாள் முன்பே ஒட்டிவிட்டு, முழுவதையும் ஒரே ஆள் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும்.

18 நவம்பர், செவ்வாய். படிப்பு வாரம்

பழைய தாள்களை இப்போது எடுங்கள். நேரம் வைத்து, மேசையில் வேறெதுவும் இல்லாமல். புத்தகம் திறந்து எழுதும் தேர்வுக்கும் இப்படித்தான் பழக வேண்டும். அங்கே நினைவைக் கேட்க மாட்டார்கள், பழகாத சூழலைக் கொடுத்துப் பொருத்தச் சொல்வார்கள்.

எஸ்/யு (கிரேடுக்குப் பதில் ‘தேர்ச்சி’ அல்லது ‘தேர்ச்சியில்லை’ என்று மட்டும் பதிவு செய்யும் வாய்ப்பு) பற்றிக் கலக்கம் வேண்டாம். முடிவு தேர்வுக்கு முன் அல்ல, கிரேடு வந்த பிறகுதான் எடுக்க வேண்டியது. தேசியப் பல்கலைக்கழகத்தில் சி அல்லது அதற்கு மேல் இருந்தால் எஸ். யூனிட் கிடைக்கும், ஜிபிஏ-யில் (5-க்குக் கணக்கிடும் கிரேடு சராசரி) சேராது. 4.0, 4.0, 4.5, 4.0, 2.5 என்று ஐந்து கிரேடு வந்தால் சராசரி 3.8. கடைசியை எஸ் ஆக்கினால் 4.125. ஆனால் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, அறிவிக்கும் காலம் முடிந்தபின் திரும்பப் பெறவும் முடியாது. பி பிளஸ்ஸைப் பார்த்து ஏமாந்து அந்த வாய்ப்பைச் செலவழித்துவிடாதீர்கள்.

தேர்வன்று, 100 மதிப்பெண், 120 நிமிடம் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 20 நிமிடத்தில் முதல் ஐந்து, தாள் முழுவதையும் படித்துப் பார்ப்பதற்கு. கடைசிப் பதினைந்து, பாதியில் நின்ற கேள்விக்குத் திரும்புவதற்கு. மூன்றாம் வாரத்திலிருந்து நீங்கள் எழுதிவைத்த அந்த ஒற்றை வாக்கியங்களைக் காலையில் ஒருமுறை வாசித்துவிட்டுப் போங்கள்.