அந்தச் சின்னக் கூட்டல் குறி

இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் ஒரு பூ வரைய உட்கார்ந்தேன். ஒரு இதழை வரைந்தாகிவிட்டது, அதையே காப்பி எடுத்து வட்டமாக அடுக்கினால் பூ வந்துவிடும் என்று நினைத்து, ஒவ்வொன்றையும் கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் நகர்த்தி, கண் மதிப்பில் பொருத்திக்கொண்டே போனேன். ஆறாவது இதழுக்குள்ளேயே கோணிவிட்டது. ஒரு பக்கம் இடைவெளி, இன்னொரு பக்கம் இதழ் மேல் இதழ்.

எல்லாம் சுழற்சி மையத்தில், அதாவது பொருள் எந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்புகிறதோ அதில்தான் இருக்கிறது. பொருளை ஒரு முறை கிளிக் செய்தால் அளவு மாற்றும் அம்புகள் வரும். அதன் மேலேயே மறுபடி கிளிக் செய்தால் மூலைகளில் வளைந்த அம்புகள் வரும், கூடவே நடுவில் ஒரு சின்னக் கூட்டல் குறி. அந்தக் குறியை இழுத்து வேறு இடத்தில் வைக்கலாம் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது! அதை இதழின் அடிநுனிக்கு இழுத்துவிட்டு, கன்ட்ரோல் டி போட்டால் நகலுக்கும் அதே மையம்தான். கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு திருப்பினால் 15 டிகிரி 15 டிகிரியாக நகரும். இரண்டு படி என்றால் 30. இப்படிப் பதினொரு நகல் எடுத்தால் 12 இதழும் ஒரே புள்ளியில் வந்து கூடும். மையம் பழைய இடத்துக்குப் போக வேண்டுமா, ஷிப்டோடு அந்தக் குறியைக் கிளிக் செய்தால் போதும்.

இல்லஸ்ட்ரேட்டர் என்ற இன்னொரு வரைகலை மென்பொருளில் ஆர் விசையை அழுத்தி, ஆல்ட்டைப் பிடித்தபடி மையம் வேண்டிய இடத்தில் கிளிக் செய்தால் கோணம் கேட்கும். 30 கொடுத்து, ஓகேவுக்குப் பதில் காப்பி பட்டன். அப்புறம் கன்ட்ரோல் டி அழுத்த அழுத்த இதழ் வந்துகொண்டே இருக்கும். இதற்கு இதுதான் வேகம் என்பேன்.

ஏழு இதழ் என்றால் 15-ன் படிகள் உதவாது. 360-ஐ 7-ஆல் வகுத்தால் 51.43 வரும், அதைக் கோணம் கேட்கும் பெட்டியில் டைப் செய்துவிடுங்கள். 51 போதும் என்று விட்டால் கடைசி இடைவெளி மட்டும் 54 டிகிரி ஆகிவிடும், அது கண்ணுக்குத் தெரியும்.

சரி, இன்னொன்று. செவ்வகத்தை 30 டிகிரி திருப்பிவிட்டு, பிறகு அகலம் போதவில்லையே என்று பக்கவாட்டு அம்பை இழுத்தால் அது செவ்வகமாக இருக்காது, சாய்ந்த இணைகரமாகிவிடும். இங்க்ஸ்கேப் இழுப்பது வரையும் தாளின் கிடைமட்டத்தில், செவ்வகத்தின் திசையில் இல்லை. முதலில் நீட்டி அப்புறம் திருப்பினால் இந்தப் பிரச்சினையே வராது. திருப்பியாகிவிட்டதா, செவ்வகக் கருவியை எடுத்து மூலையில் இருக்கும் சின்னச் சதுரக் கைப்பிடியை இழுங்கள், திரும்பிய நிலையிலேயே சரியாக நீளும். ஆனால் செவ்வகத்தைப் பாத் ஆக, அதாவது வெறும் புள்ளிகளும் கோடுகளுமான வடிவமாக, மாற்றிவிட்டிருந்தால் அந்தக் கைப்பிடிகள் இருக்காது. அப்போது திருப்பிய அளவுக்கே எதிர்ப்பக்கம் திருப்பி நேராக்கி, நீட்டி, மறுபடி 30 கொடுக்க வேண்டியதுதான்.