கையெழுத்தில்லாத கேன்வாஸ்: வலது கீழ் மூலையில் ஒரு திட்டு

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், வரைந்தவர் யாரென்று தெரியாமலே வாங்கிய அரூப ஓவியம் ஒன்று ஒருவழியாக ஒரு துப்பு கொடுத்திருக்கிறது. 30-க்கு 24 அங்குலம், ஆயில். காவி, செங்கல் சிவப்பு, நடுவில் கத்தியால் அப்பிய வெள்ளை. கையெழுத்து எங்கேயும் இல்லை.

பார்த்த நண்பர்கள் எல்லாரும் எடுத்த எடுப்பில் பெயர்தான் சொன்னார்கள். ஆதிமூலம் என்றார் ஒருவர், அச்சுதன் கூடல்லூர் என்றார் இன்னொருவர். எனக்கு இது பிடிப்பதே இல்லை. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து இங்கே அரூபம் வரைந்தவர்கள் ஏராளம். கவின் கலைக் கல்லூரியில் ஒரே ஆசிரியர்களிடம் படித்தவர்களின் கை ஒன்றுபோல இருக்கத்தான் செய்யும். கலரைப் பார்த்து ஆளைச் சொல்வது மதிப்பீடு ஆகாது. பெயர் கடைசியில் வரட்டும்.

முதலில் எது மேல், எது கீழ்? சந்தையில் படுக்கைவாட்டில் சாய்த்திருந்தார்கள். பின்பக்கம் திருப்பினால், சட்டத்தின் குட்டைக் கட்டை ஒன்றின் உள்பக்கம் மட்டும் தூசி கெட்டியாக அடைந்து கிடக்கிறது. வருஷக்கணக்கில் அடியில் இருந்த கட்டை அது. ஆக, இது நெட்டுவாட்டுப் படம். விளிம்பில் துருப்பிடித்த சிறு ஆணிகள், ஸ்டேப்ளர் பின் இல்லை. அதை வைத்துக் காலம் சொல்லிவிட முடியாது. ஸ்டேப்ளர் வந்த பிறகும் ஆணி அடித்தவர்கள் உண்டு.

அடுத்து யூவி (புற ஊதா) டார்ச்; வெவ்வேறு பெயின்ட் அதன் வெளிச்சத்தில் வெவ்வேறு மாதிரி ஒளிரும். என் பொறுமையையெல்லாம் தின்றது இதுதான். மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் 395 நானோமீட்டர் அலைநீளம். அதன் ஊதா வெளிச்சமே படத்தின் மேல் பரவி, மெல்லிய ஒளிர்வை மூழ்கடித்துவிடும். 365 நானோமீட்டரும் வேண்டும், முகப்பில் கறுப்புக் கண்ணாடி ஃபில்டரும் வேண்டும். ரிச்சி தெருவில் ஒரு கடையில் 365 என்று சத்தியம் செய்து கொடுத்ததை எவர்சில்வர் தட்டில் அடித்துப் பார்த்தேன்; பளீரென்று ஊதா. அங்கேயே திருப்பிக் கொடுத்தேன். நல்ல டார்ச் என்றால் தட்டில் அனேகமாக ஒன்றுமே தெரியாது. அறை கும்மிருட்டாக இருக்க வேண்டும், கண்ணுக்கு யூவி தடுப்புக் கண்ணாடி கட்டாயம். வெள்ளைச் சட்டை போடாதீர்கள். சலவைத்தூளில் இருக்கும் வெண்மையூட்டி நீலமாக ஒளிர்ந்து படத்தின் மேல் விழும்.

சரியான டார்ச் வந்ததும் படம் பேசியது. நடு வெள்ளை மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிர்ந்தது: ஜிங்க் வெள்ளை என்ற பெயின்ட்டின் குணம். வலது கீழ் மூலையில் மட்டும் தீப்பெட்டி அளவுக்கு ஒரு திட்டு, கரேலென்று. பகலில் பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளை. டைட்டானியம் வெள்ளை என்ற இன்னொரு பெயின்ட் யூவியில் இப்படித்தான் இருண்டு தெரியும். டார்ச்சை அணைத்துவிட்டு, சாதாரண விளக்கைப் பக்கவாட்டில் தாழப் பிடித்தேன். திட்டுக்கு அடியில், கத்திக் கீற்றின் போக்கோடு சேராத மெல்லிய மேடு ஒன்று வளைந்து போகிறது. நெட்டுவாட்டில் கையெழுத்து விழும் இடம்!

இந்த டைட்டானியம் சாதாரண ஆள் இல்லை. ஜெர்மனியில் பெல்ட்ராக்கி என்பவர் வரைந்த போலி ஓவியம், ஓவியர் கம்பெண்டோங்க் 1914-இல் வரைந்ததாக 2006-இல் சுமார் 29 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. அதில் டைட்டானியம் வெள்ளை இருந்தது. 1914-இல் அந்த பெயின்ட்டே கிடையாது. பெல்ட்ராக்கி வாங்கிய ஜிங்க் வெள்ளை டியூபில், லேபிளில் குறிப்பிடாமல் டைட்டானியம் கலந்திருந்தது. என் படத்தில் டைட்டானியம் காலத்தைக் காட்டாது. பிறகு யாரோ வேறு டியூபை எடுத்துப் பூசியிருக்கலாம் என்பதைத்தான் காட்டுகிறது.

அசிட்டோன் தொட்டுத் துடைத்துப் பார்க்கச் சொல்லாதீர்கள். மேல் பூச்சோடு அடியில் இருப்பதும் கரைந்து போகும். பூசியது ஓவியரே என்றால் அதை எடுக்கும் உரிமையும் எனக்கில்லை.

விலை? பெயர் தெரியாதவரை அலங்காரப் படத்தின் விலைதான். சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று காலரிக்காரர்கள் போடும் கணக்கெல்லாம் பெயர் உறுதியான பிறகு. இதற்கிடையே கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமியில் பழைய கண்காட்சிக் கேட்லாக்குகளைப் புரட்ட ஆசை. அதற்கு முன்னால் அகச்சிவப்பில் ஒரு படம் எடுத்தாக வேண்டும். கையெழுத்து கரிக் கறுப்பில் இருந்து, மேல் பூச்சு மெலிதாக இருந்தால் தெரிய வாய்ப்புண்டு; சிவப்பில் போட்டிருந்தால் கஷ்டம். பழைய டிஎஸ்எல்ஆரில் சென்சாருக்கு முன்னாலிருக்கும் அகச்சிவப்புத் தடுப்புக் கண்ணாடியைப் பதமாகக் கழற்றித் தருபவர் சென்னையில் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள். கேமரா தயாராக இருக்கிறது.