காலைல 92 எங்கேருந்து வந்துச்சு?

அக்கா பொண்ணு குடியாத்தத்துல பதினொண்ணாவது படிக்குறா, ரத்தத்துல சர்க்கரை எப்படி சீரா இருக்குதுன்னு சயின்ஸ் ப்ராஜெக்ட் செய்யணும்னு காட்பாடிக்கு எங்க வீட்டுக்கு வந்தா. தெர்மாகோல்ல கணையம் வெட்டி இன்சுலின்னு ஒரு அம்புக்குறி போட்டுடலாம்னா. எனக்கு மனசு ஒப்பல. அம்மாவுக்கு வாங்கின குளுக்கோமீட்டர் இருக்குது, எனக்கு சுகர் இல்ல, என் விரலையே குத்திப் பாத்து கிராஃப் போடுவோம்னேன். பசங்க விரல்ல குத்தவே கூடாது, ஒருத்தருக்கு குத்துன ஊசி இன்னொருத்தருக்கு ஆகவே ஆகாது, இத மட்டும் கண்டிப்பா சொல்லிட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலைல வெறும் வயிறு. கடுகு அளவு ரத்தம், ஸ்ட்ரிப் நுனிய காட்டுனதும் சர்னு உறிஞ்சிக்கிச்சு, 92. நாலு இட்லி சாப்பிட்டு அரை மணிக்கு ஒருதடவ பாத்தோம், 131, 144, 119, ரெண்டு மணி நேரத்துல 101. எழுதிக்கிட்டே இருந்தவ பேனாவ வெச்சுட்டு, "மாமா, ராத்திரி எட்டு மணிக்கு சாப்பிட்டீங்க, அப்புறம் ஒண்ணுமே உள்ள போகல, இந்த 92 எங்கேருந்து வந்துச்சு?"ன்னா.

அட, இதுதான் ப்ராஜெக்டே! கணக்கு போட்டோம். ஒரு டெசிலிட்டர்ல 92 மில்லிகிராம்னா 5 லிட்டர் ரத்தத்துல மொத்தமே 5 கிராம் கூட வரல, ஒரு டீஸ்பூன் சர்க்கரை. மூளை மட்டுமே ஒரு நாளைக்கு 120 கிராம் கிட்ட எடுத்துக்குது, அப்போ மணிக்கு 5 கிராம், ஒரே மணி நேரத்துல எல்லாம் தீர்ந்துடணும் இல்ல? தீராம பாத்துக்குறது கல்லீரல். சாப்பிட்டப்போ வந்த சர்க்கரைய கிளைக்கோஜன்ங்கிற சேமிப்பா மாத்தி வெச்சத, கணையத்தோட ஆல்ஃபா செல் விடுற குளுக்ககான்ங்கிற ஹார்மோன் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமா உடைச்சு ரத்தத்துல விடுது, இருப்பு குறையக் குறைய அமினோ அமிலத்துலருந்து புதுசாவும் செய்யுது. பீட்டா செல் இன்சுலின் விட்டு இறக்குது, ஆல்ஃபா செல் ஏத்துது, ரெண்டும் சேந்தாதான் சீரா நிக்கும். ஒத்த அம்புக்குறி மாடல்ல பாதி வேலை காணாமப் போயிடும்.

1921ல டொரண்டோவுல பேண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலின் கண்டுபிடிச்சத சார்ட்ல ஓரமா போட்டா போதும்.

அடுத்த வாரம் கேழ்வரகு களி. களிக்கு சுகர் ஏறாதுன்னு ஊர்ல சொல்றாங்க, ஆனா 100 கிராம் ராகியில 70 கிராம் கிட்ட மாவுச்சத்துதான், அதனால இட்லில இருந்த அதே அளவு மாவுச்சத்து வர்ற மாதிரி எடை போட்டு சாப்பிடணும், இல்லனா ஒப்பிடவே முடியாது.

கிராஃப் இப்போ ராத்திரி எட்டுலேருந்து தொடங்குது. நடுவுல அளவே இல்லையேன்னு அவ புள்ளிக்கோடு போட்டிருக்கா. மூணு மணிக்கு ஒருதடவ குத்திப் பாக்கணுமாம், அலாரம் வெச்சாச்சு.